ரீகண்டிஷன் டர்போ மறுபடியும் போயிட்டு, கடைக்காரர் கையை விரிக்காரு. பார்சல்ல அனுப்பவா வேண்டாமா?

#1 களக்காடு_பிக்கப்

எல்லாருக்கும் வணக்கம். வண்டி 2.5 லிட்டர் காமன் ரெயில் பிக்கப். களக்காட்டுல இருந்து ஏத்தங்காய், சீசன் இல்லன்னா பாவூர்சத்திரத்துல காய்கறி, ரெண்டும் கேரளாவுக்குத்தான். ஓனரும் டிரைவரும் நான் ஒருத்தன்தான்.

கம்பெனி டர்போ (புகை வேகத்துல சுத்தி இன்ஜினுக்குள்ள காத்தைத் திணிக்கிற சாமான்) நல்லா உழைச்சுத் தேஞ்சு போச்சு. மதுரையில ஒரு கடையில எக்ஸ்சேஞ்சுக்கு ரீகண்டிஷன் டர்போ எடுத்தேன். பழசைக் கொடுத்து மேல 14,500 ரூவா. 6 மாசம் வாரண்டின்னு வாயால சொன்னதோட சீட்டுலயும் எழுதி சீல் வச்சுத் தந்தாவ. நாங்குநேரியில ஒரு ஒர்க்‌ஷாப்ல மாட்டினோம். ஆயில், ஆயில் ஃபில்டர், ஏர் ஃபில்டர் மூணும் புதுசு.

மாட்டின அன்னைக்கே விசில். வழக்கமான டர்போ சத்தம் எனக்குத் தெரியும், இது அது இல்ல. ஆக்சிலேட்டரு கொடுக்கக் கொடுக்க ஆம்புலன்ஸ் கணக்கா ஏறி ஏறி எறங்கும். கடைக்கு போன் போட்டா, "புது கோர் (வெளிக்கூடு போக உள்ள இருக்கிற ஷாஃப்ட், வீல், பேரிங் சேர்ந்தது) அப்படித்தான் இருக்கும், ஓட ஓட செட் ஆயிரும்"னு சொன்னாரு. வாட்ஸ்அப்ல சத்தத்தைப் பதிஞ்சு அனுப்பினேன். ரெண்டு நீல டிக் விழுந்துச்சு, பதில் விழல.

போன வாரம் கொல்லத்துக்கு லோடு. புளியரை எஸ் வளைவுல ஏறும்போது இழுவை பொசுக்குன்னு விட்டுட்டு. கண்ணாடியில பாத்தா பின்னால ரோடே தெரியல, அம்புட்டு நீலப் புகை. ஓரங்கட்டி ஏர் ஹோஸைக் கழட்டினா உள்ள ஆயில் சொதசொதன்னு நிக்கி. டர்போக்குள்ள சுத்துற விசிறி வீல் ஹவுசிங்ல (வெளிக்கூடு) உரசியிருக்கு. தாரை எல்லாம் வேற வண்டிக்கு மாத்தி விட்டுட்டு, நம்ம வண்டியக் கட்டி இழுத்துட்டு வந்தோம்.

இப்போ கடைக்காரர் வண்டியையும் பாக்கல, டர்போவையும் பாக்கல. போன்லயே தீர்ப்புச் சொல்லுதாரு: "ஆயில் பத்தாம ஓடியிருக்கு. இன்ஜின் பக்கம் தப்பு, வாரண்டி கிடையாது. வேணும்னா பார்சல்ல போடுங்க, பிரிச்சுப் பாத்துட்டுச் சொல்லுதோம்."

அவரே பிரிச்சு அவரே சொல்லுவாருன்னா என்ன சொல்லுவாருன்னு எனக்கு இப்பவே தெரியும். அனுப்பவா, இல்ல இங்கயே பிரிச்சுப் பாத்துரவா? விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

#2 புளியரை_லோடு

அந்த வளைவுல நிக்காத வண்டி எது மாப்ள. நீங்க நிப்பாட்டினதுல எங்க வண்டியெல்லாம் செங்கோட்டை வரைக்கும் வரிசை கட்டி நின்னுச்சோ என்னமோ.

ஒண்ணு மட்டும் சொல்லுங்க. சாவியத் திருப்பின உடனே இன்ஜின் நின்னுட்டா?

#3 களக்காடு_பிக்கப்

நின்னுட்டு அண்ணாச்சி. ஏன் கேக்கிய?

#4 ஸ்பேனர்_அண்ணாச்சி

அவரு கேட்டது ரொம்பச் சரியான கேள்வி. படிக்கிற எல்லாரும் கேட்டுக்கிடுங்க.

டர்போ சீல் போயி கம்ப்ரசர் பக்கம் (காத்தை அமுக்கி அனுப்புற பக்கம்) ஆயில் கசிஞ்சா, அந்த ஆயில் நேரா இன்டேக்ல ஏறும். டீசல் இன்ஜினுக்கு அது டீசலா ஆயிலான்னு கவலை கிடையாது, எரிச்சுத் தள்ளிரும். சாவிய ஆஃப் பண்ணினா நிக்கிறது டீசல் மட்டுந்தான். ஆயில் வந்துக்கிட்டே இருந்தா இன்ஜின் தன்னால வேகம் கூடிக் கத்தும், சம்ப் (இன்ஜின் அடியில ஆயில் நிக்கிற தொட்டி) காலியாகி ஜாம் ஆகுற வரைக்கும் ஓடும். எங்க பட்டறையிலயே ஒரு வண்டி இப்படிக் கத்தி எல்லாரும் ஓடியிருக்காவ.

அப்படி ஆச்சுன்னா, ஓடுற வண்டியா இருந்தா டாப் கியரைப் போட்டு பிரேக்கை அமுக்கிக்கிட்டு கிளச்சை விட்டு அமத்தணும். நிக்கிற வண்டின்னா காத்து உள்ள போற வாயைப் பலகை வச்சு அடைக்கணும். கையை வைக்கக் கூடாது, வைக்கவே கூடாது. அடைக்க ஒண்ணும் கிடைக்கலன்னா எல்லாரும் தள்ளிப் போயிருங்க, இன்ஜின் போனாப் போகட்டும்.

அதனால களக்காட்டுத் தம்பி, அந்த டர்போவோட "மெதுவா ஓட்டிப் பாப்போம்"னு ஒரு ஃபர்லாங் கூட ஓட்டிராதீங்க.

மத்தபடி என் யோசனை, இங்கயே பிரிச்சிருங்க. ஷாஃப்ட் நீலம் பாஞ்சிருந்தா ஆயில் பத்தல, இல்லன்னா கடைக்காரன் தப்பு. அஞ்சு நிமிச சோலி.

#5 கோர்_பாலன்ஸ்

அண்ணாச்சி சொன்னதுல முதல் பாதிக்குப் பெரிய கும்பிடு. கடைசி வரி மட்டும் வேண்டாம். தயவுசெஞ்சு பிரிக்காதீங்க.

நான் கோயம்புத்தூர்ல டர்போ ரீபில்ட் பண்ற இடத்துல வேலை பாக்கேன், ஊரு அம்பாசமுத்திரம். திரும்பி வர்ற டர்போவை வாங்கி மேசையில வச்சதும் நாங்க முதல்ல பாக்கறது நட்டைத்தான். கம்ப்ரசர் நட்டு நிறைய டர்போவுல இடது மரை. தெரியாம வலது மரைன்னு நெனச்சு முறுக்கினவன் ஸ்பேனர் தடம் விட்டுட்டுப் போயிருப்பான். தடம் இருந்துச்சுன்னா "வெளியில பிரிச்சிருக்கு"ன்னு ஒரு வரி எழுதித் திருப்பி அனுப்பிருவாங்க. அதுக்குப் பொறவு ஷாஃப்ட் தங்கமா இருந்தாலும் கிளெய்ம் கிடையாது. உங்க கடைக்காரருக்கு இப்போதைக்கு அப்படி ஒரு காரணந்தான் வேணும், நீங்களா எடுத்துக் கொடுக்காதீங்க.

பிரிக்காமலே பாக்க வேண்டியது நிறைய இருக்கு. டர்போவ வண்டியில இருந்து எறக்கி வைங்க. எறக்கும்போதே வீடியோ எடுங்க, பெயர்த் தகட்டு நம்பர் தெளிவாத் தெரியணும். ஷாஃப்ட் நுனிய விரல்ல பிடிச்சு மேலயும் கீழயும் ஆட்டிப் பாத்தா லேசா ஆடும். அதுக்குப் பயப்படாதீங்க, பேரிங் ஆயில்ல மிதக்கிற சாதி, ஆயில் இல்லாம வச்சுப் பாத்தா ஆடத்தான் செய்யும். முன்னும் பின்னும் இழுத்துப் பாக்கறதுதான் முக்கியம். அந்தப் பக்கத்து ஆட்டம் கைக்கே தெரியக் கூடாது. டயல் கேஜ் வச்சா சாதாரணமா 0.1 மில்லிமீட்டருக்குள்ள நிக்கணும். தெரிஞ்சா த்ரஸ்ட் பேரிங் போயிட்டு.

அடுத்து, இது யாரும் கவனிக்காதது. வீல் உரசியிருக்குன்னு சொன்னியள்லா, டார்ச் அடிச்சு நல்லாப் பாருங்க. வீல்ல எல்லா இறக்கையும் உரசியிருக்கா, இல்ல ஒரு பக்கத்து இறக்கை மட்டுமா? ஹவுசிங்ல சுத்து வட்டம் முழுக்க உரசலா, இல்ல ஒரே இடத்துலயா? இந்த ரெண்டுக்கும் பதில் சொல்லுங்க, பொறவு பேசுவோம்.

#6 மேலப்பாளையம்_ஸ்பேர்ஸ்

நான் கடைக்காரன் பக்கத்துல இருந்து பேசுதேன், யாரும் கோவிச்சுக்கிடாதீங்க. நாங்களும் ரீகண்டிஷன் சாமான் விக்கோம்.

எங்ககிட்ட கிளெய்ம்னு வர்றதுல பெரும்பாலும் டர்போ தப்பு இல்ல. பழைய ஆயில் பைப்பையே மாட்டியிருப்பான், உள்ள கரி பொருக்கு இருக்கும். ஃபிளாஞ்சுக்குப் பேக்கிங் போட சோம்பல்பட்டு சிலிக்கான் பேஸ்ட்டைப் பிதுக்கியிருப்பான், அது உள்ள போயி ஓட்டையை அடைச்சிருக்கும். மூடிய டர்போவுல ஒரு சொட்டு ஆயில் விடாம நேரா ஸ்டார்ட் பண்ணி ரேஸ் பண்ணியிருப்பான். அது ஒரு லட்சம் சுத்துக்கு மேல சுத்துற சாமான், சின்ன டர்போன்னா ரெண்டு லட்சத்தையும் தாண்டும். முதல் சில நொடி ஆயில் இல்லன்னா பேரிங்குக்கு அப்பவே சோலி முடிஞ்சுட்டு. பொறவு எங்களைத் திட்டுவான்.

தம்பிகிட்ட ரெண்டு கேள்வி. புது ஆயில் பைப் போட்டதுக்கு பில் இருக்கா? இன்டர்கூலரை (டர்போ அனுப்புற காத்தை ஆற வைக்கிறது) கழட்டிக் கழுவினியளா?

#7 களக்காடு_பிக்கப்

பாய், நியாயமான கேள்வி. பைப் புதுசு போடல. ஒர்க்‌ஷாப்ல பழைய பைப்பை டீசல்ல கழுவி காத்தடிச்சு மாட்டினாரு. பேக்கிங் புதுசு, பேஸ்ட் போடல, அது நான் பக்கத்துல நின்னு பாத்தது. மாட்டுறதுக்கு முன்னால ஆயில் ஓட்டையில ஊத்தி வீலைக் கையால சுத்தி விட்டாரு. பொறவு ஸ்டார்ட் ஆகாம செல்ஃப் அடிச்சு, ஸ்டார்ட் பண்ணினதும் கொஞ்ச நேரம் ஐடில்ல விட்டாரு. இன்டர்கூலர் கழுவல.

கோர்_பாலன்ஸ் அண்ணனுக்கு: டார்ச் அடிச்சுப் பாத்தேன். முன்னும் பின்னும் இழுத்தா டக் டக்னு கைக்கு நல்லாவே தெரியுது. ஹவுசிங்ல சுத்தி முழு வட்டமும் பளபளன்னு உரசியிருக்கு. வீல்ல பாதிப் பக்கத்து இறக்கை மட்டுந்தான் நுனி மழுங்கியிருக்கு, எதிர்ப் பக்கத்து இறக்கை நுனி கூர்மை அப்படியே இருக்கு. போட்டோ போட்டிருக்கேன்.

#8 கோர்_பாலன்ஸ்

போட்டோ பாத்தேன். இத கொஞ்சம் நின்னு சொல்லுதேன், பலருக்கும் உதவும்.

ஆயில் பத்தாம பேரிங் தேஞ்சு ஷாஃப்ட் ஆட ஆரம்பிச்சா, அது கண்ட பக்கமும் அலையும். எல்லா இறக்கையும் கிட்டத்தட்ட ஒண்ணு போல அடிபடும். ஹவுசிங் கோணலா உக்காந்திருந்தா ஹவுசிங்ல ஒரே இடத்துல உரசல் இருக்கும், சுத்தி வர்ற எல்லா இறக்கையும் அந்த இடத்துல மாட்டும். உங்களுக்கு அதுக்கு நேர்மாறு. ஹவுசிங் முழு வட்டம், வீல்ல ஒரு பக்கம் மட்டும். அப்படின்னா வீலோட ஒரு பக்கம் எப்பவும் வெளியில தள்ளிக்கிட்டே சுத்தியிருக்கு. எடை ஒரு பக்கம் கூடியிருக்கணும், இல்லன்னா ஷாஃப்ட் வளைஞ்சிருக்கணும். மாட்டின அன்னைக்கே விசில்னு சொன்னதும் இதோட சேருது.

ரீபில்ட்ல புது கம்ப்ரசர் வீலைப் பழைய டர்பைன் ஷாஃப்ட்ல ஏத்துவோம். ரெண்டையும் தனித்தனியா பாலன்ஸ் பண்ணினா மட்டும் போதாது. கோரை முழுசாச் சேர்த்தப் பொறவு விஎஸ்ஆர் மெஷின்ல வேகமாச் சுத்தவிட்டு அதிர்வை அளக்கணும். எங்க கூடுதலோ அங்க நட்டுலயோ வீல் மூக்குலயோ துளி உலோகத்தைச் சாணை பிடிச்சு எடுக்கணும். எடுத்ததும் நட்டு மேலயும் வீல் மேலயும் சேர்த்து ஒரு கோடு கிழிப்போம், பின்னால நட்டு நகந்தா தெரியறதுக்கு. இந்த மெஷின் விலை ஜாஸ்தி, எல்லாக் கடையிலயும் இருக்காது. சிலர் வெளியில கொடுத்து பண்ணுவாங்க. சிலர் பண்ணாமலே "பண்ணியாச்சு"ம்பாங்க.

பாலன்சிங் ரிப்போர்ட் கொடுத்தாங்களா? கீழ சுத்து வேகமும் பக்கத்துல அதிர்வு அளவும் போட்டு ஒரு கிராஃப் இருக்கும்.

ஆனா ஒண்ணு, இது போட்டோ வச்சு நான் சொல்லுறது. உள்ள ஷாஃப்ட்டைப் பாக்காம சத்தியம் பண்ண மாட்டேன். பழைய பைப் விஷயம் உங்களுக்கு எதிராத்தான் நிக்கி.

#9 களக்காடு_பிக்கப்

ரிப்போர்ட் டப்பாவுக்குள்ள ஒண்ணு இருந்துச்சு. இப்பத்தான் எடுத்துப் பாத்தேன். ஜெராக்ஸ் காப்பி. கிராஃப் இருக்கு. மேல சீரியல் நம்பர் அச்சடிச்ச இடத்துல ஒயிட்னர் தடவி, பேனாவால வேற நம்பர் எழுதியிருக்கு. பேனாவால எழுதின நம்பரும் தகட்டு நம்பரும் கடைசி ரெண்டு எழுத்து ஒத்துப் போகல.

#10 புளியரை_லோடு

ஒயிட்னர் வாங்கின காசுக்கு பாலன்ஸே பண்ணியிருக்கலாம்.

#11 ஸ்பேனர்_அண்ணாச்சி

சரி, நான் பிரிக்கச் சொன்னதை வாபஸ் வாங்கிக்கிடுதேன். ஆனா ஆயில் வரத்தைப் பாத்துருங்க, அதுக்குப் பிரிக்க வேண்டாம். டர்போ கீழதான கெடக்கு. மேல ஆயில் வர்ற பைப் நுனிய சுத்தமான பாட்டிலுக்குள்ள விட்டு, ஸ்டார்ட் ஆகாம செல்ஃப் அடிங்க. சொட்டுச் சொட்டா வருதா, கம்பியா வருதான்னு தெரிஞ்சு போகும். பேன்ஜோ போல்ட்டை (ஆயில் பைப்பைப் பிடிச்சிருக்கிற, நடுவுல ஓட்டை உள்ள போல்ட்) கழட்டி அதுல சல்லடை இருக்கான்னு பாருங்க. சில இன்ஜின்ல இருக்கும், கரி அடைச்சிருந்தா அதுதான் எமன்.

சம்பையும் எறக்கிருங்க. இன்ஜெக்டர் அடியில செம்பு வாசர் கசிஞ்சா எரிஞ்ச புகை வால்வ் கவருக்குள்ள ஏறி ஆயிலைக் கூழாக்கி சம்ப் சல்லடையை அடைச்சிரும். பழைய இன்னோவா 2கேடி இன்ஜின்ல இந்தக் கதை ரொம்பப் பேருக்கு நடந்திருக்கு. டர்போவ மாத்தி மாத்திப் போடுவான், அது போய்க்கிட்டே இருக்கும், நோய் சம்புக்குள்ள கெடக்கும்.

ஆயில் வெளியேறுற பைப்பையும் பாருங்க. அது பிரஷர்ல போறது இல்ல, தன்னால கீழ வடியறது. நெளிஞ்சாலோ அடைஞ்சாலோ ஆயில் டர்போக்குள்ள தேங்கி, சீல் நல்லா இருந்தாலும் கசியும். இன்ஜின்ல கேஸ் அடிச்சாலும் (எரிஞ்ச புகை பிஸ்டனைத் தாண்டி சம்புக்குள்ள எறங்கினாலும்) அதே கதைதான்.

#12 வள்ளியூர்_வக்கீல்

இப்போது சட்டப் பக்கம். நான் நுகர்வோர் வழக்குகள் பார்ப்பவன்.

முதலில், "வியாபார வண்டி, நீங்க நுகர்வோரே இல்லை" என்று எதிர்த்தரப்பு சொல்லும். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் வணிக நோக்கத்துக்காக வாங்கினவர் நுகர்வோர் ஆகமாட்டார் என்பது உண்மைதான். ஆனால் சுயதொழில் செய்து தன் பிழைப்புக்காக மட்டும் வாங்கிப் பயன்படுத்துபவருக்கு அங்கேயே விலக்கு இருக்கிறது. லட்சுமி இன்ஜினியரிங் ஒர்க்ஸ் எதிர் பிஎஸ்ஜி இண்டஸ்ட்ரியல் இன்ஸ்டிட்யூட் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1995இல் இதை விளக்கியது. அதில் வாங்கினவர் தோற்றுப்போனார், ஆனால் எல்லைக்கோடு தெளிவானது: தானே ஓட்டிப் பிழைப்பவர் நுகர்வோர், ஆள் வைத்து ஓட்டவிட்டு லாபம் பார்ப்பவர் இல்லை. "ஓனரும் டிரைவரும் நான் ஒருத்தன்தான்" என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்களே, அந்த வரி மனுவில் முதல் பத்தியிலேயே வரவேண்டும்.

கடை மதுரையில் இருப்பதால் மதுரைக்கு அலைய வேண்டியதில்லை. இந்தச் சட்டப்படி புகார்தாரர் வசிக்கும் அல்லது தொழில் செய்யும் இடத்தில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே தாக்கல் செய்யலாம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை. காலக்கெடு 2 ஆண்டு.

பழுதான பொருளை வாரண்டி காலத்துக்குள் திரும்ப எடுக்க மறுப்பது நியாயமற்ற வணிக நடைமுறை என்று சட்டமே சொல்கிறது. பில்லில் காலம் எதுவும் எழுதவில்லை என்றாலும் 30 நாள் உண்டு. பில் கொடுக்காததும் அதே தலைப்பில்தான் வரும். உங்களிடம் இருப்பது ஜிஎஸ்டி பில்லா, வெள்ளைச் சீட்டா?

டர்போவை இப்போது யாரும் தொடவேண்டாம். பரிசோதித்தால்தான் பழுது தெரியும் என்கிற பொருளை ஆணையமே ஆய்வகத்துக்கு அனுப்ப வழி இருக்கிறது. பிரித்துப்போட்ட பொருளை அனுப்பி என்ன பயன்?

#13 களக்காடு_பிக்கப்

எஸ்டிமேட்னு போட்ட சீட்டுதான் சார். ஜிஎஸ்டி நம்பர் கிடையாது, ஆனா கடை சீலும் வாரண்டியும் இருக்கு. ரூவா ஜிபேல போட்டேன்.

#14 வள்ளியூர்_வக்கீல்

போதும். யூபிஐ பரிவர்த்தனையில் அவர் பெயர், தேதி, தொகை மூன்றும் இருக்கிறது. வாட்ஸ்அப்பில் அனுப்பிய சத்தப் பதிவையும் போனை மாற்றும்போது அழித்துவிடாதீர்கள். விசில் இருந்ததை அவருக்கு அப்போதே சொன்னீர்கள் என்பதற்கு அதுதான் சாட்சி. மின்னணுப் பதிவுகளுக்கு பாரதிய சாக்ஷிய அதினியம் 63ஆம் பிரிவுச் சான்றிதழ் தேவைப்பட்டால் அதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் இன்றைக்கே பதிவு செய்யுங்கள். அதோடு தீர்ந்துவிடும் என்று நம்பிச் சொல்லவில்லை. ஒரு புகார் எண் கிடைக்கும், தேதி பதியும்.

அடுத்து ஒப்புகை அட்டையுடன் தபாலில் நோட்டீஸ். அதில் ஒரே கோரிக்கை: இரு தரப்பும் கூடியிருக்கும்போது, வீடியோ பதிவுடன், டர்போவைப் பிரித்துப் பார்க்க நாளும் இடமும் குறிக்கவேண்டும். மறுத்தால் அந்த மறுப்பே நமக்குச் சாதகம்.

#15 மேலப்பாளையம்_ஸ்பேர்ஸ்

வக்கீல் சார் கடைசியா சொன்னதுதான் ரெண்டு பேருக்கும் நல்லது. சுத்தமான கடைக்காரன்னா கூட நின்னு பிரிக்கப் பயப்பட மாட்டான். போட்டிக்காரனாவே இருந்தாலும் சொல்லுதேன், ஒயிட்னர் போட்ட ரிப்போர்ட்டு ரொம்ப அசிங்கம்.

தம்பி, அந்தப் பழைய பைப்பைக் கழுவிராதீங்க. ரெண்டு நுனியிலயும் டேப் ஒட்டி வைங்க. பிரிக்கிற அன்னைக்கே அவன் கண் முன்னால நெடுக்க அறுத்துக் காட்டுங்க.

#16 ஸ்பேனர்_அண்ணாச்சி

பாய் சொன்னது பாயிண்ட்.

#17 களக்காடு_பிக்கப்

நோட்டீஸ் போட்டாச்சு, 1915லயும் பதிஞ்சாச்சு. ஆயில் வரத்துப் பாத்தோம், செல்ஃப் அடிக்க அடிக்கக் கம்பியா வருது. பேன்ஜோ போல்ட் சுத்தமா இருக்கு. சம்ப் எறக்கினோம், சல்லடையில ஒண்ணும் இல்ல. எல்லாத்துக்கும் வீடியோ இருக்கு.

அட்டை திரும்பி வந்த பொறவு கடைக்காரரே போன் பண்ணினாரு. குரல் மாறிட்டு. "எதுக்கு தம்பி வக்கீல் அது இதுன்னு, நேர்ல வாங்க, கூட நின்னே பிரிப்போம்"ங்காரு. நாங்குநேரி மெக்கானிக்கையும் கூட்டிக்கிட்டுப் போறேன்.

#18 கோர்_பாலன்ஸ்

போறப்போ இதை மட்டும் மறந்துராதீங்க. பிரிக்கறதுக்கு முன்னால நட்டும் வீலும் சேர்ற இடத்தைக் கிட்டத்துல வச்சு வீடியோ எடுங்க, கோடு இருக்கான்னு. ஷாஃப்ட்டைத் துடைக்க விடாதீங்க. துணி வச்சுத் துடைச்சா கீறலும் நிறமும் எது எப்ப வந்துச்சுன்னு சண்டை வரும். ஷாஃப்ட்ல பேரிங் உக்காருற இடம் நீலமா கருநீலமா இருந்தா ஆயில் பத்தல, அப்போ நீங்க ஒண்ணும் பேச முடியாது. நிறம் மாறாம சுத்திச் சுத்திக் கீறல் மட்டும் இருந்தா அழுக்கு ஆயில். உள்ள கல்லு கணக்கா கரி உறைஞ்சிருந்தா மலை ஏறின சூட்டோட உடனே ஆஃப் பண்ணுற பழக்கம்.

#19 களக்காடு_பிக்கப்

போயிட்டு வந்துட்டேன். நடந்ததை அப்படியே எழுதுதேன்.

கடைக்குப் பின்னால ஒரு பட்டறை. முதல்ல பைப்பை வைஸ்ல பிடிச்சு ஹேக்சா வச்சு நெடுக்க அறுத்தோம். அறுத்தவரு அவங்க ஆளுதான். உள்ள கருப்பா ஆயில் படலம் இருந்துச்சு. விரல் நகத்தால சுரண்டிப் பாத்தாரு, பொருக்கு ஒண்ணும் வரல. கடைக்காரர் வாங்கிப் பாத்துட்டு ஒண்ணும் பேசாம மேசையில வச்சாரு.

பொறவு கோர். நட்டு மேல கோடு இல்ல. வீல் மூக்குலயோ நட்டுலயோ சாணை பிடிச்ச தடமும் இல்ல. நட்டு லூசா இல்ல, அது டைட்டாத்தான் இருந்துச்சு, அதையும் சொல்லிருதேன். ஷாஃப்ட்டை உருவினா வெள்ளி நிறம் அப்படியே இருக்கு, நீலம் எங்கயும் இல்ல. ரெண்டு பேரிங்கும் உள்பக்கம் பரவாயில்ல, வெளிப்பக்கந்தான் தேஞ்சிருக்கு. த்ரஸ்ட் பேரிங் ஒரு முகம் மட்டும் தட்டையாத் தேஞ்சு போயி, பித்தளைத் தூள் ஆயில்ல மினுமினுன்னு மிதந்துச்சு.

நம்ம மெக்கானிக் ஒயிட்னர் ரிப்போர்ட்டை எடுத்து மேசையில வச்சு, "இது எந்த டர்போவோடது அண்ணாச்சி?"ன்னு மட்டும் கேட்டாரு. கடைக்காரர், "பாலன்சிங் நாங்க பண்றது இல்ல, வெளியில கொடுத்துப் பண்ணுறோம், அவங்க தர்ற பேப்பரை டப்பாவுல வைக்கோம்"ன்னாரு. வெளியிலன்னா எங்கன்னு கேட்டதுக்கு, பதில் சொல்லாம டீ வாங்கிட்டு வரச் சொன்னாரு.

கடைசியில வேற கோர் போட்டுத் தாறேன்னாரு. கழட்டி மாட்டின கூலி, ஆயில், வண்டி கட்டி இழுத்தது, லோடு மாத்தினது எதுவும் கிடையாதாம். ஒரு பேப்பர் நீட்டினாரு, "முழுத் திருப்தியுடன் பெற்றுக்கொண்டேன், இனி எந்தக் கோரிக்கையும் இல்லை"ன்னு ஏற்கனவே டைப் அடிச்சு வச்சிருக்காரு.

#20 வள்ளியூர்_வக்கீல்

கையெழுத்துப் போட்டீர்களா?

#21 களக்காடு_பிக்கப்

போட்டேன் சார், ஆனா அந்த வரியை அடிச்சுட்டு, "பழுதான கோருக்குப் பதிலாக மாற்றுக் கோர் மட்டும் பெற்றுக்கொண்டேன்"னு கையால எழுதித்தான் போட்டேன். அவரு மொறைச்சாரு. டீ குடிச்ச கிளாஸைக் கீழ வைக்கிற வரைக்கும் யாரும் பேசல, பொறவு அவரும் கையெழுத்துப் போட்டாரு. புது கோரை உடனே தர வேண்டாம், பாலன்ஸ் பண்ணி அதோட நம்பர் அச்சடிச்ச ரிப்போர்ட்டோட தாங்கன்னு சொல்லிட்டு வந்தேன்.

#22 வள்ளியூர்_வக்கீல்

நன்று. ஆனால் கூலிக்கும் இழுவைச் செலவுக்கும் வழக்கு இன்னும் உயிரோடு இருக்கிறது. பிரித்த பழைய கோரை அவரிடம் விட்டுவிட்டு வந்தீர்களா?

#23 களக்காடு_பிக்கப்

இல்ல சார், ஷாஃப்ட், பேரிங், வீல் எல்லாம் ஒரு டப்பாவுல போட்டு மேல அவரு கையெழுத்து வாங்கிக் கொண்டு வந்துட்டேன். வழக்குப் போடுறதைப் பத்தி யோசிக்கணும். வண்டி நின்னா வீட்டுல அடுப்பு நிக்கும், அதுதான் இப்போ பெருசாத் தெரியுது. ஆடி முடிஞ்சா ஓணத்துக்கு ஏத்தங்காய் லோடு நெருக்கிரும்.

#24 வள்ளியூர்_வக்கீல்

ஆணையத்தில் காணொளி வழியாகவும் ஆஜராக வழி உண்டு, வண்டியை நிறுத்த வேண்டிய அவசியமில்லை. பரிசோதனை தேவைப்படாத வழக்கை 3 மாதத்தில் முடிக்க முயலவேண்டும் என்று சட்டம் சொல்கிறது. அத்தனை சீக்கிரம் முடியாது என்பதையும் நானே சொல்லிவிடுகிறேன். 2 ஆண்டு காலம் இருக்கிறது, ஓணம் முடிந்து பேசுவோம். பில்களை மட்டும் பத்திரமாக வையுங்கள்.

#25 மேலப்பாளையம்_ஸ்பேர்ஸ்

வாரண்டின்னா சாமானுக்கு மட்டுந்தான், கூலிக்கு இல்லங்கிறதுதான் எங்க வியாபார வழக்கம். அதுல நான் அந்தக் கடைக்காரனைக் குத்தம் சொல்ல மாட்டேன்.

#26 ஸ்பேனர்_அண்ணாச்சி

விக்கும்போது அதைச் சொல்லி விக்கணும் பாய். தப்பு சாமானைக் கொடுத்துட்டு, ரெண்டு தடவை கழட்டி மாட்டின கூலிய வண்டிக்காரன் தலையில கட்டுறது எந்த ஊரு வழக்கம்?

#27 மேலப்பாளையம்_ஸ்பேர்ஸ்

எல்லா ஊரு வழக்கமும் அதுதான் அண்ணாச்சி. நல்லதா கெட்டதான்னு கேட்டா அது வேற.

#28 களக்காடு_பிக்கப்

கோர் வந்துட்டு. ரிப்போர்ட்ல நம்பர் அச்சுலயே இருக்கு, தகட்டோட ஒத்துப் போகுது. நட்டுல சாணை பிடிச்ச தடமும் கோடும் இருக்கு. கோர்_பாலன்ஸ் அண்ணனுக்குத் தனியா போட்டோ அனுப்பியிருக்கேன். நாளைக்கு மாட்டுதோம். வேற என்ன பாக்கணும்?

#29 கோர்_பாலன்ஸ்

போட்டோ பாத்தேன், கிராஃப் நல்லா இருக்கு. இந்தத் தடவை ஆயில் பைப் புதுசு வாங்கி பில்லை வச்சுக்கிடுங்க. இன்டர்கூலரை முதல்ல கழட்டுங்க. உள்ள பழைய ஆயில் தேங்கி நிக்கும், அதை அப்படியே விட்டா புது டர்போ போட்டாலும் புகை வரும், அந்த ஆயில்லயே இன்ஜின் ரன்னவே ஆகுறதுக்கும் (அண்ணாச்சி சொன்ன மாதிரி தன்னால வேகம் கூடிக் கத்துறதுக்கும்) வாய்ப்பு உண்டு. வீல் உரசின அலுமினியத் தூளும் அதுக்குள்ளதான் கெடக்கும். டீசல்ல நல்லா அலசிக் காய வச்சு, காத்தடிச்சு, பொறவு மாட்டுங்க. ஹோஸ் எல்லாத்தையும் உள்பக்கம் துடைங்க.

#30 களக்காடு_பிக்கப்

இன்டர்கூலரைக் கவுத்தோம், அரை லிட்டர் பாட்டில் முக்காவாசி நெறஞ்சிட்டு. அடியில வெள்ளி கணக்கா தூள். மாட்டி ஸ்டார்ட் பண்ணியாச்சு, புகை இல்ல, அந்த ஊளைச் சத்தம் இல்ல. பேன்ஜோ போல்ட் பக்கம் மட்டும் லேசா ஆயில் கசியுது.

#31 ஸ்பேனர்_அண்ணாச்சி

பழைய செம்பு வாசரையே போட்டுட்டாரா உங்க மெக்கானிக்? ஒருக்க நசுங்கினது மறுபடி உக்காராது. போல்ட் தலைக்கு அடியில ஒண்ணு, பைப்புக்கும் டர்போவுக்கும் நடுவுல ஒண்ணு, ரெண்டும் புதுசு போடுங்க. கசியுதேன்னு போட்டு மூர்க்கமா முறுக்கிராதீங்க, போல்ட் ஓட்டை போட்டது, கழுத்துல ஒடிஞ்சிரும்.

#32 களக்காடு_பிக்கப்

பழசுதான் அண்ணாச்சி. இந்தா, வாசர் வாங்கக் கிளம்பிட்டேன்.